பழைய புகைபோக்கி, கரி போகணும் சாந்து போகக்கூடாது!

கேள்வி: எங்க வீட்டு செங்கல் புகைபோக்கி ரொம்ப பழசு, வெளிப்பக்கம் பூரா கரியும் பாசியுமா இருக்கு. பிரஷர் வாஷர் வச்சு அடிச்சா ஈஸியா போயிடுமா சார்?

பதில்: கரி போகும், கூடவே செங்கலுக்கு நடுவுல இருக்குற சாந்தும் போயிடும்! பழைய கட்டடம்னா பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்துதான், நகத்தால சுரண்டினாலே சில சமயம் உதிரும், அதுல போய் அந்த வேகத்துல தண்ணிய அடிச்சா என்ன ஆகும்னு நீங்களே பாருங்க. கம்பி பிரஷ்ஷும் வேணாம். ஆசிட் பக்கமே போகாதீங்க, சுண்ணாம்ப அது கரைச்சிடும்.

முதல்ல ஒரு ஓரமா சின்ன இடத்துல மட்டும் செஞ்சு பாருங்க. செங்கல தண்ணியில நல்லா நனைச்சுட்டு (நனைச்சாதான் அழுக்குத்தண்ணி உள்ள இறங்காது), காரமில்லாத சோப்புத்தண்ணி தொட்டு நைலான் பிரஷ்ஷால மெதுவா தேய்ச்சு, கீழேர்ந்து மேல போய், கடைசியா சாதா ஹோஸ்ல கழுவி விடுங்க. வெள்ளையா உப்பு பூத்திருந்தா மட்டும் தண்ணி வேணாம், காஞ்ச பிரஷ்ஷால தட்டி விட்டாலே போதும். உறைபனி விழுற சீசன்ல இந்த வேலையே வேணாம், உள்ள நிக்குற தண்ணி உறைஞ்சு விரிஞ்சா செங்கல் தோல் உரிஞ்சு வரும்.

சாந்து எங்கயாவது உதிர்ந்திருந்தா திரும்ப சுண்ணாம்புச் சாந்தே வைங்க. சிமென்ட் வச்சா ஈரம் வெளிய போக வழியில்லாம செங்கல் வழியா போய் செங்கலயே உடைக்கும், இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க.