அப்பா மேடையில் சாட்சி சொல்கிறார், நான் திருவிருந்துக்கு எழுந்து போக முடியாமல் இருக்கிறேன்

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

எனக்கு வயது 39. கருங்கல் பக்கத்தில் ஒரு கிராமம் பிறந்த ஊர். இப்போது வீட்டுக்காரரோடும் மகளோடும் மார்த்தாண்டத்தில் இருக்கிறேன். ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை.

அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போவார். விடியுமுன் போனால் மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். அப்புறம் குடிதான். ராத்திரி அம்மாவுக்கு அடி விழும், தடுக்கப் போனால் எனக்கும் விழும். அம்மா அண்டியாபீசில் முந்திரி உடைத்தார். அந்த எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்திருக்கும், சோறு பிசையவே கஷ்டப்படுவார். அந்தக் கையால் சீட்டுக் கட்டி, என் நர்சிங் படிப்புக்கென்று 40,000 ரூபாய் சேர்த்தார். 2004-இல் நான் பிளஸ் டூ முடித்தேன். காலேஜில் பணம் கட்ட வேண்டிய வாரத்தில் பெட்டியில் பணம் இல்லை. அப்பா எடுத்துக் குடித்துத் தீர்த்திருந்தார். கேட்டதற்கு, "பெண்ணைப் படிக்க வைத்து யாருக்குக் கொடுக்க?" என்றார். என்னோடு படித்த இரண்டு பேர் இன்று வெளிநாட்டில் நர்சாக இருக்கிறார்கள்.

அம்மா 2011-இல் இறந்தார். அதற்குப் பிறகு அப்பா குடியை விட்டார். இரட்சிக்கப்பட்டார் என்று சபையில் எல்லோருக்கும் சந்தோஷம். கன்வென்ஷன் மேடையில் ஏறி, "நான் மகா பாவி, பெண்டாட்டி பிள்ளையை அடித்தவன், ஆண்டவர் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார்" என்று சாட்சி சொல்வார். ஜனங்கள் அழுவார்கள். ஆனால் என்னிடம் வந்து இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அடி வாங்கினது அம்மாவும் நானும். எங்களைக் கேட்காமல் ஆண்டவர் எப்படி மன்னித்தார் என்று நினைக்கும்போதே, இப்படி நினைப்பது பாவமோ என்று பயம் வருகிறது.

மன்னிக்காதவள் ஆராதனையில் அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்தை எடுக்கக் கூடாது என்று நினைத்து இப்போதெல்லாம் எழுந்து போவதில்லை. பெஞ்சிலேயே இருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் கவனிக்கிறார்கள். சொந்தக்காரப் பெரியவர் ஒருவர், "காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று வேதத்திலேயே இருக்கிறதே" என்று என்னைக் கண்டித்தார்.

இப்போது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சு மெதுவாக வருகிறது, ஆனால் புரிகிறது. அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். மைனிக்கு முழங்காலில் ஆபரேஷன் என்பதால் ஆறு மாதம் என் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அவர் குரல் போனில் கேட்டாலே எனக்கு வயிறு இறுகுகிறது. அவருக்குச் சோறு ஊட்ட என்னால் முடியுமா? மன்னிக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். வரவில்லை. நான் கிறிஸ்தவள்தானா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புச் சகோதரிக்கு,

உங்களைக் கண்டித்த பெரியவர் சொன்ன வசனத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது உங்கள்மேல் தவறாக வைக்கப்பட்ட சுமை. மத்தேயு 5:23, 24-ஐ எடுத்து நிதானமாக வாசியுங்கள். "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவுக்கு வந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்கிறார் இயேசு. அதாவது, யார்மேல் மற்றவருக்கு வருத்தம் இருக்கிறதோ அவர்தான் எழுந்து போக வேண்டும். உங்கள் வீட்டில் அந்த ஆள் உங்கள் அப்பா. காயம் செய்தவருக்குச் சொன்னதைக் காயப்பட்டவள் தலையில் வைப்பது நம் சபைகளில் அடிக்கடி நடக்கிறது. எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு.

லூக்கா 19-இல் வருகிற வரி வசூலிப்பவனான சகேயுவை நினைத்துப் பாருங்கள். இயேசு வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் அவன் பாட்டுப் பாடி நிறுத்திக்கொள்ளவில்லை. அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்றான். ஆண்டவரிடம் பெற்ற மன்னிப்பு, ஏமாற்றப்பட்டவரின் வாசல்வரை அவனை நடத்தியது. உங்கள் அப்பாவின் மனந்திரும்புதல் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். இத்தனை வருடம் குடிக்காமல் இருப்பது லேசான காரியம் இல்லை. ஆனால் அது மேடைவரை வந்திருக்கிறது, உங்கள் வாசலுக்கு இன்னும் வரவில்லை. அது உங்களுக்கு வலிக்கிறது என்பதால் நீங்கள் விசுவாசம் இல்லாதவள் ஆகிவிடவில்லை.

அப்படியானால் அவர் வந்து கேட்கும்வரை காத்திருக்கலாமா? வேண்டாம். மாற்கு 11:25 உங்களுக்கானது. நின்று ஜெபிக்கும்போது ஒருவன்பேரில் குறை இருந்தால் மன்னியுங்கள் என்கிறது அது. அங்கே அந்த ஆள் பக்கத்தில் இல்லை, அவர் மன்னிப்புக் கேட்டதாகவும் இல்லை. நீங்களும் தேவனும் மட்டும். மன்னிப்பு அங்கே தொடங்கலாம். ஒப்புரவு, அதாவது உறவு மறுபடி சேர்வது, வேறு, அதற்கு இரண்டு பேர் வேண்டும். மறுபடி நம்புவது இன்னும் வேறு, அதற்குக் காலமும் அவருடைய நடத்தையும் வேண்டும். நீங்கள் மூன்றையும் ஒரே மூச்சில் செய்யப் பார்க்கிறீர்கள், அதனால்தான் ஒன்றும் நகரவில்லை.

மன்னிப்பைப் பல காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் எவரெட் வொர்திங்டன் ஒரு கிறிஸ்தவர். 1996 புத்தாண்டையொட்டி அவருடைய வயதான தாய் வீட்டிலேயே கொலை செய்யப்பட்டார். அவர் மன்னிப்பை இரண்டாகப் பிரிக்கிறார். பழிவாங்க மாட்டேன் என்று முடிவெடுப்பது ஒன்று, உள்ளே கசப்பு கரைந்து உணர்வு மாறுவது இன்னொன்று. முதலாவதை இன்றைக்கே எடுக்கலாம், இரண்டாவது தன் வேகத்தில்தான் வரும். தினமும் மன்னிக்க வேண்டும் என்று முழங்காலில் நிற்கிற நீங்கள் முதலாவதற்குள் எப்போதோ வந்துவிட்டீர்கள். போனில் குரல் கேட்டு வயிறு இறுகுவது மன்னிக்காததற்கு அடையாளம் இல்லை. அடி எப்போது விழும் என்று காது கொடுத்துக் கிடந்த சின்னப் பெண்ணின் உடம்பு அதை இன்னும் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

கசப்பு கரைய என்ன செய்வது? மத்தேயு 18-இல் இயேசு சொன்ன கதையில், பதினாயிரம் தாலந்து என்ற மிகப் பெரிய தொகை கடன்பட்ட ஊழியக்காரனிடம் ராஜா முதலில் கணக்குப் பார்க்கிறான். எவ்வளவு கடன் என்று தெரிந்த பிறகுதான் விடுகிறான். அந்த ஊழியக்காரனிடம் உடன் ஊழியக்காரன் ஒருவன் கடன்பட்டிருந்த நூறு வெள்ளிப்பணத்தைப் பிரசங்கங்களில் அற்பத் தொகை என்பார்கள். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளிப்பணம் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். அப்படியானால் அது நூறு நாள் உழைப்பு. பதினாயிரம் தாலந்துக்கு முன்னால் சிறியதுதான், ஆனால் அற்பம் இல்லை. உங்கள் அம்மாவின் 40,000 ரூபாயும் எத்தனையோ நாள் வெந்த விரல்களின் கூலி. அதை ஒன்றுமில்லை என்று சொல்லி மன்னிக்க இயேசு உங்களைக் கேட்கவில்லை.

அதனால் எழுதுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மனதை அழுத்துகிற சம்பவத்தை நாளுக்கு 15 நிமிடம் என்று நான்கு நாள் எழுத வைத்தார். எழுதும்போது அவர்களுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் பிற்பாடு உடல்நலத்தில் நல்ல மாற்றம் தெரிந்தது. நீங்களும் அப்படி எழுதுங்கள். அடி, பணம், அந்தக் கேள்வி, கிடைக்காமல் போன நர்சிங், எல்லாம் வரட்டும். அப்பாவிடம் கொடுக்க வேண்டாம். முடித்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, இவ்வளவு கடன். இதை இனி நான் வசூலிக்கப் போவதில்லை, உம்மிடம் ஒப்படைக்கிறேன்" என்று ஜெபியுங்கள். அடுத்த வாரம் கோபம் திரும்ப வரும். எத்தனை தரம் மன்னிப்பது என்று பேதுரு கேட்டபோது இயேசு ஏழெழுபதுதரம் என்றது இப்படிப்பட்ட கோபத்துக்கும் சேர்த்துத்தான் என்று நான் நம்புகிறேன்.

திருவிருந்துக்கு வருவோம். அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், பானம்பண்ணுவதைப் பற்றிப் பவுல் எழுதியது கொரிந்து சபைக்கு (1 கொரிந்தியர் 11). அங்கே சிலர் முந்திக்கொண்டு சாப்பிட்டு வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியாய் இருந்தார்கள். அவர் கண்டித்தது அந்த அநியாயத்தை. 28-ஆம் வசனம் தன்னைத்தானே சோதித்தறிந்து "இந்த அப்பத்தில் புசித்து" என்றுதான் போகிறது, சோதித்துவிட்டு விலகிப் போகச் சொல்லவில்லை. மன்னிக்கப் போராடுகிறவளுக்குத்தான் அந்த அப்பம் தேவை. உங்கள் போதகரிடம் தனியாக ஒருமுறை பேசிவிட்டு, எழுந்து போங்கள்.

அப்பாவை வீட்டில் வைப்பது தனிக் கேள்வி. பெற்றோரைக் கனம்பண்ணுவதில் அவர்களைப் பராமரிப்பதும் அடங்கும், மாற்கு 7-இல் இயேசு அதைக் கண்டிப்பாகச் சொல்கிறார். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் மகன், மகள் இருவரையும் பொறுப்பாக்குகிறது. ஆனால் உங்கள் கையால்தான் ஊட்ட வேண்டும் என்று வேதமும் சொல்லவில்லை, சட்டமும் சொல்லவில்லை. மருந்துச் செலவையோ, அண்ணன் வீட்டில் ஒரு ஆள் வைக்கிற சம்பளத்தையோ நீங்கள் ஏற்றுக்கொண்டாலும் அது பராமரிப்புதான். அழைத்து வருவதாக இருந்தால் முதலில் ஒரு மாதம் என்று சொல்லுங்கள். குளிப்பாட்டுவதையும் உடை மாற்றுவதையும் வீட்டுக்காரரோ கூலிக்கு ஒரு ஆளோ செய்யட்டும். மகள்மேல் கை ஓங்குவதோ அவமானமாகப் பேசுவதோ நடந்தால் அன்றே அண்ணன் வீட்டுக்கு என்று அண்ணனிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

அவர் பேச முடிகிற நிலையில் இருக்கும்போதே ஒரு நாள், வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்க, "அம்மா சேர்த்த பணத்தை நீங்கள் எடுத்தது எனக்கு இன்னும் வலிக்கிறது அப்பா" என்று மட்டும் சொல்லலாம். அவர் அழலாம், மழுப்பலாம், கோபப்படலாம். எதுவானாலும் நீங்கள் ஆண்டவரிடம் ஒப்படைத்தது ஒப்படைத்ததுதான். சொல்ல மனம் வராவிட்டால் விட்டுவிடுங்கள், அது கட்டாயம் இல்லை.

எழுத ஆரம்பித்த பிறகு தூக்கம் கெட்டாலோ, பழைய காட்சிகள் பகலிலும் துரத்தினாலோ தனியாகச் சமாளிக்க வேண்டாம். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.