கோர்ட்டுக்கு வெளியே தீர்ப்பது: ஆர்பிட்ரேஷன் (தனி நடுவர் தீர்ப்பளிக்கும் முறை), சமரசம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஊர் கரூர். வாகனக் கடன் தவணை நின்றுபோனது. ஃபைனான்ஸ் கம்பெனி தானே சென்னையில் ஒரு நடுவரை நியமித்து, எனக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கி அனுப்பியிருக்கிறது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: முடியும், நாளைக் கடத்தாதீர்கள். வழக்கின் முடிவில் அக்கறையுள்ள ஒரு தரப்பு தனியாக ஒரே நடுவரை நியமிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதால் அதை எதிர்க்கும் உரிமை போய்விடாது. தகராறு வந்த பிறகு “இவரே நடுவராக இருக்கட்டும்” என்று எழுதிக் கொடுத்திருந்தால்தான் சிக்கல்.

1996-ம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 34-வது பிரிவில் ரத்து மனு போடுங்கள். நடுவர் கையெழுத்திட்ட நகல் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 3 மாதம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீதிமன்றம் மன்னிக்க முடியாது. ஆகவே தபால் வந்த கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள முத்திரைத் தேதிதான் உங்கள் சாட்சி. ஆர்பிட்ரேஷனுக்கான இடம் சென்னை என்று ஒப்பந்தம் சொன்னால் மனுவும் சென்னையில்தான், கரூரில் அல்ல.

பலர் சறுக்குவது இங்கேதான்: ரத்து மனு போட்டாலே வசூல் நின்றுவிடாது. 2015 திருத்தத்துக்குப் பிறகு தடை கேட்டுத் தனி மனு வேண்டும். பணத் தீர்ப்பென்றால் பெரும்பாலும் ஒரு தொகையைக் கட்டச் சொல்வார்கள், தயாராகப் போங்கள்.

கேள்வி: ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தும் எதிர்த்தரப்பு சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டது.

பதில்: பதிலுரை தாக்கல் செய்யும் முன்பே, அல்லது அதிகபட்சம் அதனுடனேயே, அதே 1996 சட்டத்தின் 8-வது பிரிவில், வழக்கை நடுவரிடம் அனுப்பக் கேட்டு மனுக் கொடுங்கள். அசல் ஒப்பந்தம் அல்லது சான்றிட்ட நகல் இணைக்க வேண்டும். பதிலுரையில் எல்லாவற்றையும் வாதாடிவிட்டுப் பிறகு ஷரத்தை நினைவுபடுத்தினால் எடுபடாது.

கேள்வி: “இரு தரப்பும் முடிவு செய்தால் நடுவரிடம் விடப்படும்” என்று எங்கள் பத்திரத்தில் இருக்கிறது. போதுமா, சார்?

பதில்: போதாது. இப்படிப்பட்ட வாசகம் ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தமே அல்ல என்று 2007-லேயே தீர்ப்பு உண்டு. மறுபடி ஒருவர் சம்மதம் தேவைப்பட்டால் அது வெறும் எண்ணம்தான். “நடுவரிடம் விடப்படும், அவர் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்” என்று எழுதுங்கள், இடத்தையும் குறிப்பிடுங்கள்.

கேள்வி: பாகப்பிரிவினை வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். கட்டிய கோர்ட் கட்டணம்?

பதில்: முழுதும் திரும்பக் கிடைக்கும், தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தில் 69-ஏ பிரிவு. மையத்துக்குப் போகாமல் நீங்களே பேசி முடித்தாலும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது. ஆனால் கட்டணத்தைவிட உடன்படிக்கையில் கவனம் வையுங்கள். சர்வே எண், நான்கெல்லை, யாருக்கு எந்தப் பங்கு, பணம் எந்தத் தேதியில், தவறினால் என்ன வட்டி, எல்லாம் எழுத்தில் வேண்டும். “வடக்குப் பக்கம் அண்ணனுக்கு” என்று விட்டால் நிறைவேற்று மனுவில் மறுபடி சண்டை. வழக்கில் இல்லாத சொத்தை உள்ளே இழுத்தால் பத்திரப்பதிவும் தேவைப்படும்.

கேள்வி: லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடித்ததை அப்பீல் செய்யலாமா?

பதில்: கூடாது. மோசடி போன்ற காரணம் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசியலமைப்புச் சட்டப்படியான மனு) மட்டும்.

கேள்வி: 5 லட்சம் சரக்குப் பாக்கி. நேரே வணிக நீதிமன்றம் போகலாமா?

பதில்: அவசர இடைக்கால உத்தரவு எதுவும் கேட்காத வணிக வழக்கென்றால், 3 லட்சத்திலிருந்து முதலில் சமரசத்துக்குப் போயே தீர வேண்டும். 20.8.2022-க்குப் பிறகு அதைத் தாண்டிப் போட்ட வழக்கு நிராகரிக்கப்படும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். அங்கே செலவாகும் காலம் வழக்குப் போடுவதற்கான காலவரையறைக் கணக்கில் சேராது. எதிர்த்தரப்பு வராவிட்டால் சமரசம் நடக்கவில்லை என்ற அறிக்கை கிடைக்கும். அதை வாங்கி வழக்குரையுடன் இணையுங்கள்.