பெண் சுட்டால் படம் மாறிவிடுமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திரில்லர் படங்கள் குடும்பத்தைக் காப்பாற்றும் பொறுப்பை ஆணிடமே கொடுக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். ‘ஃபேட்டல் அட்ராக்‌ஷன்’ படத்தில் கடைசியில் சுடுவது மனைவி. ‘பாபநாசம்’ படத்தில் அடிப்பது மகள். இது மாற்றம் இல்லையா?

எம்.

அன்புள்ள எம்,

ஆயுதம் யார் கையில் என்று மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. அது யாருடைய கணக்கைத் தீர்க்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

1987இல் வந்த ‘ஃபேட்டல் அட்ராக்‌ஷ’னுக்கு முதலில் எடுத்த முடிவே வேறு. மணமான டான், அலெக்ஸ் என்ற பெண்ணோடு உறவு வைத்துவிட்டு விலகுகிறான். அவள் அவனை விடாமல் துரத்துகிறாள். முதலில் எடுத்த முடிவில் அலெக்ஸ் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்கிறாள். கத்தியில் டானின் கைரேகை இருப்பதால் போலீஸ் அவனைப் பிடித்துப் போகிறது. வெளியீட்டுக்கு முன் போட்டுக் காட்டியபோது பார்வையாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. அலெக்ஸாக நடித்த க்ளென் க்ளோஸ் எதிர்த்தும், முடிவை மாற்றி எடுத்தார்கள்.

புது முடிவைக் கவனியுங்கள். குளியலறையில் மனைவி பெத் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைக்கிறாள், பின்னால் அலெக்ஸ் நிற்கிறாள். கீழே கெட்டில் விசிலடிப்பதால் அலறல் டானுக்குக் கேட்கவில்லை. ஓடிவந்து அலெக்ஸைத் தொட்டித் தண்ணீரில் அமுக்குகிறான். அவள் மறுபடி எழும்போது பெத் சுடுகிறாள். கடைசியில் கேமரா போய் நிற்பது குடும்பப் போட்டோவில். தப்பு செய்தவன் டான், உயிரைக் கொடுத்தவள் அலெக்ஸ். கணவன் உண்மையைச் சொன்ன இரவில் பெத் அவன்மீதுதான் கொதிக்கிறாள். ஆனால் அந்தக் காட்சி முடிவதற்குள் போனை வாங்கி, என் குடும்பத்தின் பக்கம் வந்தால் கொன்றுவிடுவேன் என்று அலெக்ஸை மிரட்டுகிறாள். கோபம் திசைமாறுவது அங்கேதான். கடைசித் துப்பாக்கிச் சூடு அதன் தொடர்ச்சி.

‘பாபநாசம்’ (2015) இதைவிட நுட்பமானது. வீடியோவை வைத்து மிரட்டிய இளைஞன் வீட்டில் அடிபட்டுச் சாகிறான். இரும்புக் கம்பியை ஓங்கியது மகள், பக்கத்தில் இருந்தவள் தாய். ஆனால் அப்பா சுயம்புலிங்கம் வீட்டுக்குள் வந்ததும் கதை முழுவதும் அவர் கைக்குப் போய்விடுகிறது. அன்று குடும்பமே வெளியூரில் இருந்ததாகக் காட்ட பஸ் டிக்கெட், ஓட்டல் பில், சினிமா டிக்கெட் எல்லாம் அவர் சேர்ப்பது. போலீஸ் கேட்டால் என்ன சொல்வது என்று மனைவிக்கும் மகள்களுக்கும் சொல்லிக்கொடுப்பதும் அவரே. உடல் எங்கே என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. பாசத்தால்தான் மறைக்கிறார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் பெண்கள் அடியைத் தாங்கலாம், முழு விவரம் அறிய முடியாது. எதிரே நிற்கும் போலீஸ் ஐ.ஜி.யும் பெண்தான், செத்த இளைஞனின் தாய். அவர் அதிகாரியாகவா தாயாகவா நடந்துகொள்கிறார் என்பதைத்தான் படம் கேள்வியாக்குகிறது. ஆண் அதிகாரியாக இருந்தால் இந்தக் கேள்வி இவ்வளவு அழுத்தமாக எழுந்திருக்குமா?

திரைக்கதையில் இதற்கு ஒரு காரணம் உண்டு. முதல் பதினைந்து நிமிடத்தில் குடும்பத்தை எவ்வளவு நிம்மதியாகக் காட்டுகிறோமோ, பிறகு அவ்வளவு பதற்றம் கிடைக்கும். அந்த நிம்மதியைக் கெடுக்காமல் இருக்க, வீட்டுக்குள்ளிருக்கும் கோளாறையெல்லாம் வெளியிலிருந்து வருபவர்மேல் ஏற்றிவிடுகிறார்கள். அடுத்தமுறை பார்க்கும்போது பெண் எதைச் செய்கிறாள் என்பதோடு, எதைத் தெரிந்துகொள்கிறாள், யாரைக் கேள்வி கேட்கிறாள் என்றும் குறித்துப் பாருங்கள்.

நீங்கள் தேடும் மாற்றத்தை 1954இல் வந்த ‘அந்த நாள்’ படத்தில் பார்க்கலாம். பண்டரிபாய் நடித்த உஷா, தன் கணவன் எதிரி நாட்டுக்கு உளவு பார்ப்பதைத் தெரிந்துகொள்கிறாள். கெஞ்சுகிறாள், தடுக்கிறாள். கடைசியில் அவள் கையிலிருந்த துப்பாக்கியின் குண்டு பாய்வது கணவன்மேல்தான்.