கால் முழுவதும் மரப்பு கிரீம் பூசலாமா?

கோவையிலிருந்து 27 வயது வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே லேசர் முறையில் முடி நீக்கம் செய்துகொள்ளவிருக்கிறேன். வலி தெரியாமலிருக்க, வீட்டிலேயே லிக்னோகெயின்–பிரைலோகெயின் கிரீமைத் தடிமனாகப் பூசி, அதன் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு வரும்படி சொல்கிறார்கள். 30 கிராம் டியூப் எத்தனை வாங்க வேண்டும்? மீதமாவதை என் எட்டு மாதக் குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாளில் பயன்படுத்தலாமா?”

இரண்டு கால்களுக்கும் ஒரே வேளையில் பூசுவதற்கு எத்தனை டியூப் என்று கணக்கிடவே வேண்டாம். அவ்வாறு பூசக் கூடாது. வலியைக் குறைத்துக்கொள்ள நினைப்பதில் தவறில்லை, நீங்கள் சொல்லும் மருந்தும் நல்ல மருந்துதான். அதைப் பூசச் சொன்ன பரப்புதான் தவறு.

லிக்னோகெயினை 1943இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். நரம்பிழைகளின் சவ்வில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களை இது அடைத்துவிடுவதால், வலிச் செய்தி மூளைக்குச் செல்ல முடிவதில்லை. தோலின் மேலடுக்கைக் கடந்து உள்ளே செல்வதுதான் இதற்குக் கடினம். 68 டிகிரியில் உருகும் லிக்னோகெயினையும், 37 டிகிரியை ஒட்டி உருகும் பிரைலோகெயினையும் சம அளவில் கலந்தால், அந்தக் கலவை 18 டிகிரியிலேயே எண்ணெய்போல் உருகிவிடுகிறது. இந்த இயல்பைக் கொண்டே தோலுக்குள் இறங்கும் கிரீமைத் தயாரிக்கிறார்கள். ஒரு மணி நேரம் மூடி வைத்தால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஆழமும், இரண்டு மணி நேரத்தில் 5 மில்லிமீட்டர் வரையும் மரத்துப்போகும். பூசிய இடம் வெளுத்தோ பின்னர் சிவந்தோ காணப்படுவது வழக்கமானது. அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

இனி அளவைப் பார்ப்போம். ஒரு கிராம் கிரீமில் இரண்டு மருந்துகளும் தலா 25 மில்லிகிராம் இருக்கின்றன. 30 கிராம் டியூபில் லிக்னோகெயின் மட்டும் 750 மில்லிகிராம். அட்ரினலின் சேர்க்காத லிக்னோகெயினை ஊசியாகச் செலுத்தும்போது பெரியவர்களுக்கு வழக்கமான உச்சவரம்பு 300 மில்லிகிராம் என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அவ்வளவு மருந்தைக் கையில் வைத்துக்கொண்டும் நாம் பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணம், காயமில்லாத தோல் அதில் மிகச் சிறிய பங்கை மட்டுமே உள்ளே விடுகிறது என்பதுதான். பூசும் பரப்பு கூடும்போதும், நேரம் நீளும்போதும், சூடு படும்போதும், சவரக் கீறல்கள் இருக்கும்போதும் அந்தப் பங்கு பெருகும். மூடி வைப்பது இந்த மருந்தின் முறையான பயன்பாட்டிலேயே அடங்கும் என்றாலும், அது வரம்புக்குட்பட்ட பரப்புக்குச் சொல்லப்பட்டதே தவிர, கால் முழுவதையும் சுற்றிக் கட்டுவதற்குச் சொல்லப்பட்டதன்று.

புதிதாகச் சவரம் செய்த தோலில் பெரியவர்கள் வீட்டிலேயே பூசிக்கொள்வதற்கு ஐரோப்பிய மருந்துக் குறிப்பு தரும் உச்ச அளவு 60 கிராம். உச்சப் பரப்பு 600 சதுர சென்டிமீட்டர், அதாவது ஓர் ஏ4 தாளைவிடச் சற்றுக் குறைவு. சராசரி உடலமைப்புள்ள பெண்ணின் உடற்பரப்பு சுமார் 1.6 சதுர மீட்டர். அதில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதி ஒரு காலுக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு என்று கொண்டால், இரு கால்களுக்கும் சேர்த்து 2,200 சதுர சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. வரம்பைப்போல் மூன்று மடங்கையும் தாண்டிய பரப்பு இது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 22, 25 வயதுடைய இரு பெண்கள் லேசர் முடி நீக்கத்துக்காகக் கால்களில் மரப்பு கிரீம் பூசிச் சுற்றிக் கட்டியிருந்த நிலையில் வலிப்பு வந்து, கோமாவுக்குச் சென்று இறந்ததை அடுத்தே, 2007 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பொது எச்சரிக்கை விடுத்தது. அவர்கள் பூசியவை மருந்தகங்களில் கலந்து தயாரித்த, செறிவு மிகுந்த கிரீம்கள். ஆகவே, அழகு நிலையத்தில் பெயர்ச் சீட்டில்லாத டப்பாவிலிருந்து எடுத்துப் பூசினால், தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

என் யோசனை இதுதான்: தோல் மருத்துவரின் மேற்பார்வையில், வலி மிகும் சிறு பகுதிக்கு மட்டும் அவர் சொல்லும் அளவில் பூசிக்கொண்டு, மற்ற இடங்களுக்குக் குளிரூட்டும் முனையுள்ள லேசர் கருவியை நம்புங்கள்; அல்லது இரு கால்களையும் வெவ்வேறு நாட்களில் பகுதி பகுதியாகச் செய்துகொள்ளுங்கள். லேசரின் ஆற்றல் அளவு மீறித் தோல் வெந்தால் முதலில் எச்சரிப்பது வலிதான் என்பதால், முற்றிலும் மரத்துப்போன கால் லேசர் இயக்குபவருக்கும் உதவியாக இராது. இதயத் துடிப்பைச் சீராக்கும் மருந்துகள், டாப்சோன், சல்ஃபா மருந்துகள் ஆகியவற்றை உட்கொள்பவர்களும், ஜி6பிடி நொதிக் குறைபாடு அல்லது கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்களும் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கிரீம் பூசிய பிறகு வாயைச் சுற்றி மரத்துப்போதல், நாவில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தலைசுற்றல், குழறிய பேச்சு ஆகியவற்றில் எது தோன்றினாலும், உடனே கிரீமை வழித்துக் கழுவிவிட்டு 108ஐ அழையுங்கள். டியூபையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். உதடும் நகமும் நீலம் பூத்தால், பிரைலோகெயினின் சிதைபொருள் இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி மாற்றியிருக்கலாம். இதற்கு ஆக்சிஜன் கொடுப்பது மட்டும் போதாமல் போகலாம். மெத்திலீன் புளூ ஊசி தேவைப்படலாம்.

இந்த ஆபத்து கைக்குழந்தைகளுக்கே அதிகம். எட்டு மாதக் குழந்தைக்கு, எடை 5 கிலோவுக்கு மேல் இருந்தால், மொத்தம் 2 கிராம், 20 சதுர சென்டிமீட்டர், ஒரு மணி நேரம் என்பதே எல்லை. ஊசி தசைக்குள் இறங்கும்போது உண்டாகும் வலியை இந்தக் கிரீம் முழுமையாக அகற்றாது. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே ஊசி போடச் சொல்வதுதான் எளிது. எப்படியும் பூச விரும்பினால், குழந்தை மருத்துவரிடம் எடையைச் சொல்லி, எந்த இடத்தில் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பூசிய இடத்தைக் குழந்தை வாயில் வைக்காதபடி மூடுங்கள். பல் முளைக்கும் வலிக்கு இதை ஈறில் ஒருபோதும் தடவாதீர்கள். ஈறு தோலைப்போல் தடுப்பதில்லை.