ரசிகர் மன்றத்தின் பழைய மின்னஞ்சல் முகவரி முழுக்க விளம்பரக் குப்பை. மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?

மூடாதீர்கள்.

உங்கள் மன்றத்திலும் அந்த முகவரிக்கு வந்த பழைய கடிதங்களை முழுதாகப் படித்தவர்கள் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். மற்றவர்களுக்கு அது தினமும் எரிச்சல் தரும் ஒரு பெட்டி. "புதுசா ஒண்ணு திறந்தா போச்சு" என்று கூட்டத்தில் யாரோ சொல்லியிருப்பார்கள், எல்லாரும் தலையாட்டியிருப்பார்கள். எங்கள் மன்றத்திலும் இதே பேச்சு வந்தது. நான் ஒருவன்தான் எதிர்த்துப் பேசினேன். அதில் எனக்கு இன்றுவரை பெருமை உண்டு.

எங்களுடையது கலைந்துபோன ஓர் இசைக்குழுவின் ரசிகர் மன்றம். தொடங்கிய காலத்தில் முகவரியை ஒளித்துவைக்கும் பழக்கமே கிடையாது. நிகழ்ச்சி அறிவிப்பு, இணையப் பக்கம், ஒலிநாடா உறை என்று எல்லா இடத்திலும் போடுவோம். கடிதம் வரவேண்டும் என்பதுதானே நோக்கம்? அப்படித் திறந்து கிடந்த முகவரிகளைத்தான், இணையத்தை மேய்ந்து முகவரி அள்ளும் நிரல்கள் எடுத்துக்கொண்டன. ஒரு பட்டியலில் ஏறிவிட்டால் அது விற்கப்பட்டு, நகலெடுக்கப்பட்டு, கை மாறிக்கொண்டே இருக்கும். எங்களுக்கு மாத்திரை விளம்பரம், கடன், சூதாட்டம், "உங்கள் தளத்தைத் தேடலில் முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம்" என்று வந்து குவிந்தது. ரசிகர் கடிதம் ஒன்றைக் கண்டுபிடிக்க இரண்டு திரை கீழே போகவேண்டியிருந்தது.

இது நம் காலத்துத் தொல்லை மட்டுமல்ல. 1978 மே மாதத்திலேயே, அர்ப்பாநெட் என்ற ஆரம்பகால வலையமைப்பில், கணினி விற்கும் நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அன்றே திட்டு வாங்கினார். அவருடைய நிறுவனத்துக்கு அதனால் வியாபாரமும் நடந்தது, அதுதான் பிரச்சினை. அனுப்பும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. லட்சம் பேரில் ஒருவர் வாங்கினாலும் அவர்களுக்கு லாபம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மூடலாமா என்று விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, குப்பைப் பெட்டியை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். அதற்குள் ஒரு பெண் எழுதிய கடிதம் கிடந்தது. அவருடைய அப்பா எங்கள் குழுவில் கொஞ்ச காலம் வயலின் வாசித்தவர், இறந்துவிட்டார். அவர் வாசித்த ஒலிப்பதிவு எதுவும் வீட்டில் இல்லை, உங்களிடம் இருக்குமா என்று கேட்டிருந்தார். பழைய ஒலிநாடா உறையில் இருந்து முகவரியை எடுத்திருக்கிறார். ஜிமெயிலில் ஸ்பேம் என்ற இந்தக் குப்பைப் பெட்டிக்குப் போனது 30 நாளில் தானாக அழிந்துவிடும். அந்தக் கடிதத்துக்குச் சில நாள்தான் மிச்சம் இருந்தது. எங்களிடம் ஒரு பதிவு இருந்தது. அனுப்பினோம். அவர் எழுதிய பதிலை இங்கே போட மாட்டேன், அது அவருடையது. அதற்குப் பிறகு மூடுவதைப் பற்றி எங்கள் மன்றத்தில் யாரும் பேசவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்த வயலின்காரர் பெயரைப் பாட்டுச் செயலிகளில் தேடிப் பார்த்தேன், எங்குமே இல்லை. பாடியவர் பெயர் இருக்கிறது, இசையமைத்தவர் பெயர் இருக்கிறது, வாசித்தவர் பெயர் இல்லை. ஒலிநாடா உறையில் பொடி எழுத்திலாவது அச்சடித்தார்கள். இன்று எழுத இடத்துக்குப் பஞ்சமே இல்லாத திரையில் அது காணாமல் போயிருக்கிறது. கேட்டால் "யார் பார்க்கிறார்கள்?" என்கிறார்கள். மகள்கள் பார்க்கிறார்கள்.

மன்னிக்கவும், நீங்கள் கேட்டது இது இல்லை. செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கணினித் துறையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் அரிச்சுவடியாக இருக்கலாம். நான் ரசிகர்களுக்காக எழுதுகிறேன்.

முன்பின் தெரியாத விளம்பரத்தில் இருக்கும் "அன்சப்ஸ்கிரைப்" இணைப்பை, அதாவது இனி அனுப்பவேண்டாம் என்று விலகும் இணைப்பைத் தொடாதீர்கள். இந்த முகவரியை ஒரு ஆள் படிக்கிறார் என்று அவர்களுக்கு உறுதியாகிவிடும். ஸ்பேம் என்று குறித்துவிடுங்கள், வடிகட்டி அதிலிருந்துதான் கற்றுக்கொள்கிறது. தெரிந்த, ஒழுங்கான நிறுவனம் என்றால் விலகல் இணைப்பு வேலை செய்யும். ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் மொத்தமாக அனுப்புபவர்களுக்கு விதியை இறுக்கிவிட்டன. அனுப்புபவர் யார் என்று நிரூபிக்கும் குறிகள் இருக்கவேண்டும், ஒரே சொடுக்கில் விலக வழி இருக்கவேண்டும். அதற்கப்புறமும் வந்துகொண்டிருப்பவை பெரும்பாலும் விதியை மதிக்காதவர்களிடமிருந்து வருபவை.

பழைய கடிதங்களை எழுதியவர்கள் எல்லாருடைய முகவரியையும் தொடர்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் அவர்கள் மறுபடி எழுதினால் குப்பைக்குள் விழும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். குப்பைப் பெட்டியை வாரம் ஒருமுறை பார்க்க ஒருவரை நியமியுங்கள். மாதம் ஒருமுறை என்று வைத்தால் அந்த 30 நாள் கணக்கில் ஏதாவது நழுவிவிடும்.

புதிய முகவரியும் வேண்டும் என்றால் தாராளமாகத் தொடங்குங்கள், அதை வெளியில் கொடுங்கள். ஆனால் பழையதற்கு வருவதைத் தானாகப் புதியதற்குத் திருப்பிவிட்டுக் கைகழுவிவிடாதீர்கள். அப்படித் திருப்பும்போது, அனுப்பியவர் உண்மையானவர்தானா என்று பார்க்கும் சோதனைகளில் ஒன்று தோற்றுப்போகலாம், நல்ல கடிதமே ஸ்பேமாகத் தெரியலாம். பழைய பெட்டியைத் தனியாகத் திறந்து பாருங்கள்.

"ஒருத்தர் கடிதத்துக்காக இவ்வளவு குப்பையைச் சுமப்பதா, பழசைக் கட்டிக்கொண்டு அழுவதா" என்று கீழே யாராவது எழுதுவார்கள். அவர்களுக்கு ஒன்று. கைவிட்ட முகவரி அப்படியே சும்மா இருக்காது. இரண்டு ஆண்டு யாரும் நுழையாத கணக்குகளை கூகுள் அழிக்கலாம். ஓர் ஆண்டு பயன்படுத்தாத முகவரிகளை வேறு ஆட்களுக்குக் கொடுப்பதாக யாஹூ 2013-ல் அறிவித்தது. உங்கள் முகவரி மன்றத்தின் சொந்த டொமைனில், அதாவது @ குறிக்குப் பின்னால் மன்றமே வாங்கிய இணையப் பெயரில் இருந்தால் இன்னும் மோசம். ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விட்டால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வாங்கி, உங்களுக்கு வரும் கடிதங்களைப் படிக்கலாம், அந்த முகவரியை வைத்து மன்றத்தின் மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றலாம். ஆகவே இந்த வாரமே இரண்டைப் பாருங்கள்: டொமைன் யார் பெயரில் இருக்கிறது, அது எப்போது முடிகிறது.