நெஞ்சுக்குள் துள்ளும் மீனும் நிறுத்திய மாத்திரையும்

கேள்வி: எனக்கு 61 வயது. பத்து வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. எட்டு மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலையில், வலையில் அள்ளிப் போட்ட மீன் துள்ளுகிற மாதிரி நெஞ்சுக்குள் படபடப்பு. வாயு என்று நினைத்து ஓம வாட்டர் குடித்துப் பார்த்தேன், நிற்கவில்லை. ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்றார்கள். துடிப்பைக் குறைக்க மெட்டோப்ரோலாலும், ரத்தம் உறையாமலிருக்க காலை ஒன்று மாலை ஒன்று அபிக்சபானும் கொடுத்தார்கள். இப்போதும் மாதம் நாலைந்து தடவை வருகிறது. அரை மணியோ மூன்று மணியோ இருந்துவிட்டுத் தானாகப் போகிறது. பயத்தில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடக்கப் போவதை விட்டுவிட்டேன். திருவந்திபுரம் மலைப்படியும் ஏறுவதில்லை. நாலு வயதுப் பேத்தியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளவும் தைரியமில்லை. மகன் வாங்கித் தந்த வாட்ச்சையும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் நாளெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தது, கையில் நீலமாகக் கன்றியது. அதனால் மூன்று வாரமாக அபிக்சபானை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி பூண்டும் தினம் ஒரு ஆஸ்பிரினும் சாப்பிடுகிறேன். கீரையை எட்டு மாதமாகத் தொடவில்லை. இந்தப் படபடப்போடு எப்படிக் காலம் தள்ளுவது?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அன்புச் சகோதரி,

கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்ததும் மற்றதை அப்படியே வைத்துவிட்டு, நீங்கள் எழுதியிருந்த நம்பருக்குப் போன் செய்தேன். அன்று மாலையே உங்கள் டாக்டரைப் பார்த்து அபிக்சபானைத் திரும்ப ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னீர்கள். சரி, இனி நிதானமாகப் பேசலாம். போனில் சொன்னதையும் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் செய்ததைச் செய்கிறவர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் நிறையப் பேர். புதுச்சேரியில் நான் வைத்தியம் பார்த்த காலத்திலேயே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் ஆறு வருடமாக இதே வியாதி. டாக்டருக்குப் படித்தவன்தான், முதல் தடவை வந்தபோது நானும் வாயு என்று ஜெலுசில் குடித்துவிட்டுப் படுத்தேன்.

உங்கள் பயம் முழுவதும் அந்த மீன் மேல் இருக்கிறது. ஆபத்து இருப்பது வேறு இடத்தில். இதயத்தில் மேலறை இரண்டு, கீழறை இரண்டு. ரத்தத்தை உடம்புக்குத் தள்ளும் பெரிய வேலை கீழறைகளுடையது. இந்த வியாதியில் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நிமிடத்துக்கு 350 தடவைக்கும் மேலே வெறுமனே நடுங்குகின்றன. நடுவில் ஒரு மின் வாசல் இருப்பதால் அத்தனையும் கீழே இறங்குவதில்லை. வாசல் தன் இஷ்டத்துக்குச் சிலதை விடுகிறது, சிலதை நிறுத்துகிறது. அதனால்தான் நாடி ஒருசமயம் அடுத்தடுத்து அடிக்கிறது, ஒருசமயம் காக்க வைக்கிறது. நீங்கள் உணர்கிற துள்ளல் இதுதான். தொல்லை பிடித்த விஷயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரை மணி நேரம் துள்ளிவிட்டு ஓய்ந்தால் பெரும்பாலும் அதோடு முடிந்தது.

நடுங்குகிற மேலறையில் ரத்தம் தேங்குகிறதே, கவலை அங்கேதான். இடது மேலறையில் காது மடல் மாதிரி ஒரு சின்னப் பை உண்டு. கோடையில் கெடிலம் ஆறு குட்டை குட்டையாகத் தேங்கிப் பாசி பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படித் தேங்கும் ரத்தம் அந்தப் பைக்குள் உறைகிறது. அதிலிருந்து ஒரு துணுக்கு கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த வியாதி உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. அந்த உறைவு உண்டாகும்போது உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. படபடப்பே இல்லாமல் வந்து போகிற தடவைகளும் உண்டு. ஆகவே ‘இந்த வாரம் மீன் துள்ளவில்லை, மாத்திரை எதற்கு’ என்ற கணக்கு இங்கே செல்லாது.

யாருக்கு இந்த மாத்திரை வேண்டும் என்று முடிவு செய்ய டாக்டர்கள் ஒரு மதிப்பெண் கணக்கு வைத்திருக்கிறார்கள். பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று. உங்களுக்கு இப்போதே இரண்டு ஆகிவிட்டது. 65 தாண்டினால் இன்னொன்று கூடும். 75 தாண்டினாலோ முன்பு பக்கவாதம் வந்திருந்தாலோ அதற்கு மட்டுமே இரண்டு.

பூண்டு ரசத்துக்கு நல்லது, அதோடு விடுங்கள். ஆஸ்பிரின் மாரடைப்பு வந்தவர்களுக்கு உதவும் மருந்து. மேலறையில் உறையும் ரத்தத்துக்கு எதிராக அதன் காவல் மிகக் குறைவு, வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் வரவைக்கும் குணம் மட்டும் குறைவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். வேறு யாருக்கோ எழுதிய சீட்டு உங்களுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

கீரை விஷயத்தில்தான் எனக்கு உண்மையிலேயே வருத்தம். கீரையில் வைட்டமின் கே அதிகம். அது இடையூறு செய்வது வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற பழைய மாத்திரைகளோடு. அவற்றைச் சாப்பிடுகிறவர்கள்கூடக் கீரையை அறவே விட வேண்டாம்; வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டு, ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை எண்ணை 2-க்கும் 3-க்கும் நடுவில் வைத்துக்கொண்டால் போதும். உங்கள் அபிக்சபானுக்கும் கீரைக்கும் எந்தச் சண்டையும் இல்லை. எட்டு மாத முருங்கைக்கீரை வீணாகப் போயிற்று! ஆனால் ஒரு எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு அசிட்ரோம் சாப்பிடுகிற யாரும் ‘புது மாத்திரைக்கு மாற்றுங்கள்’ என்று சண்டை பிடிக்க வேண்டாம். சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதயத்தின் மிட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும், உலோக வால்வு வைத்தவர்களுக்கும் பழையதுதான் சரியான மருந்து.

அபிக்சபான் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால்தான் ஒரு நாளைக்கு இரண்டு வேளை. ஒரு வேளை மறந்துபோனால், அன்றைக்கே ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது. பல் பிடுங்கவோ ஆபரேஷனுக்கோ நிறுத்த வேண்டுமா, எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும். ஈறில் ரத்தம் வந்தால் பல் டாக்டரைப் பாருங்கள், சர்க்கரை உள்ளவர்களுக்கு ஈறு கெடுவது சகஜம். மென்மையான பிரஷ் வாங்குங்கள். கையில் சின்னதாக நீலம் கன்றுவது இந்த மருந்தோடு வருகிற விஷயம்தான். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவது, சிறுநீர் சிவப்பது, அழுத்திப் பிடித்தும் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காத மூக்கு ரத்தம், இவையெல்லாம் வேறு; உடனே டாக்டரிடம் போக வேண்டியவை. தலையில் பலமாக அடிபட்டால், வீக்கம் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகளை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். பாரசிட்டமால் போதும்.

அப்புறம் மழைக்காலம். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி பக்கம் கரையேறியபோது தெருவெல்லாம் தண்ணீர். மெடிக்கல் ஷாப் இருக்கும் தெருவுக்கே போக முடியவில்லை. ஐப்பசி பிறக்கும் முன்பே பதினைந்து நாள் மாத்திரையைக் கூடுதலாக வாங்கி, ஈரம் படாத டப்பாவில் வையுங்கள்.

இனி அந்த மீனுக்கு வருவோம்.

வரும்போது உட்காருங்கள். மணி பாருங்கள். கட்டைவிரலுக்குக் கீழே, நாடி வைத்தியர் வைப்பாரே, அதே மாதிரி மூன்று விரலை வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவது ஒழுங்கான துடிப்புக்குத்தான் சரிவரும். ஆக்சிமீட்டரைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். பலவீனமான துடிப்பு விரல் வரை வந்து சேராது, அதை அந்த மெஷின் விட்டுவிடும். பிரஷர் மெஷினும் தாளம் தப்பிய நேரத்தில் ஒவ்வொரு தடவை ஒரு எண் காட்டும்; மூன்று தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். வாட்ச்சுக்கு ஒரே ஒரு வேலை கொடுக்கலாம். அதில் ஈ.சி.ஜி. வசதி இருந்தால் துள்ளும்போது பதிவு செய்து டாக்டரிடம் காட்டுங்கள். நாளெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தால், பயத்தில் வரும் துடிப்பும் சேர்ந்துகொள்ளும். காலையில் ஒரு தடவை, துள்ளும்போது ஒரு தடவை, போதும்.

ஓய்வாக இருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 110-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பயமில்லை. உங்களுக்கான எண்ணை டாக்டரிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். துள்ளிய நாளையும், அதற்கு முன் என்ன செய்தீர்கள் என்பதையும் அதிலேயே குறித்து வாருங்கள். வாட்ஸ்அப்பில் ‘பலமாக இருமுங்கள், இதயம் சரியாகும்’ என்று வருகிறதே, அதை நம்பி மூச்சு முட்ட இருமாதீர்கள். மூச்சை அடக்கி முக்குவது வேறு ஒரு வகைப் படபடப்புக்குப் பலன் தரும், இதற்குத் தராது.

உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் இன்னொரு சங்கதி. சர்க்கரை தாழ்ந்தாலும் நெஞ்சு படபடக்கும். மெட்டோப்ரோலால் அந்தப் படபடப்பை மறைத்தும் விடலாம், வியர்வை மட்டும் கொட்டும். வியர்த்து, கை நடுங்கினால் முதலில் குளுக்கோமீட்டர். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். மெட்டோப்ரோலாலையும் திடீரென்று நிறுத்தக்கூடாது.

எது கிளப்பிவிடுகிறது என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும். என் நோட்டில் தூக்கம் கெட்ட இரவும், வயிறு முட்டச் சாப்பிட்ட கல்யாண விருந்தும் திரும்பத் திரும்ப வந்தன. கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைவது, காய்ச்சல், மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகள், இவையும் கிளப்பும். இரண்டு டம்ளர் ஃபில்டர் காபி பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்வதில்லை. குடித்தால் வருகிறது என்று நோட்டு சொன்னால் மட்டும் விடுங்கள். மது அப்படியில்லை. இது உங்களுக்கு அல்ல, புதுச்சேரியில் வாரக்கடைசியைக் கொண்டாட வருகிற மற்ற வாசகர்களுக்கு: ஒரே இரவில் நிறையக் குடித்து மறுநாள் காலை இந்தத் துடிப்போடு வந்த இளைஞர்களுக்கு நானே ஈ.சி.ஜி. எடுத்திருக்கிறேன். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் சொன்னால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், இந்த வியாதிக்கும் அதற்கும் நெருங்கிய உறவு. தைராய்டு பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்காவிட்டால் கேளுங்கள்.

இடது பக்கம் படுத்தால் துடிப்பு பலமாகக் கேட்பது பலருக்கும் உண்டு. அதற்குக் காரணம், இதயம் அப்போது நெஞ்சுச் சுவரை ஒட்டி வருவதுதான். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. தூக்கம் கெடுகிறதென்றால் வலது பக்கம் படுங்கள்.

எப்போது ஓட வேண்டும்? நெஞ்சு வலி, மயக்கம், படுக்க முடியாத மூச்சிரைப்பு, உட்கார்ந்திருந்தும் 130-க்கு மேலே போய் இறங்காத நாடி. இவற்றுக்குத் தாமதிக்காதீர்கள். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தொய்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தீர்கள் என்பதையும், அபிக்சபான் சாப்பிடுவதையும், கடைசி வேளை எப்போது போட்டீர்கள் என்பதையும் வீட்டில் உள்ளவர்கள் சொல்ல வேண்டும். உறைவைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அபிக்சபான் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த ஊசி போடலாமா என்று டாக்டர்கள் யோசித்துத்தான் முடிவெடுப்பார்கள், அதனால் இந்த விவரம் முக்கியம். சின்ன கிளினிக்குகளில் நின்று நின்று போகாமல், சி.டி. ஸ்கேன் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள்.

மாதம் நாலைந்து தடவை வந்து உங்களை முடக்குகிறதென்றால், டாக்டரிடம் ‘அப்லேஷன்’ பற்றிக் கேட்கலாம். பிரான்சில் போர்தோ நகரத்து டாக்டர் மிஷேல் ஹைசகேரும் அவர் கூட்டாளிகளும் 1998-இல் ஒன்றைக் கண்டு சொன்னார்கள். இந்த நடுக்கம் பலருக்கும் கிளம்புவது, நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வரும் ரத்தக்குழாய்களின் வாயிலில் என்று. அங்கே சூடோ குளிரோ வைத்து மின்பாதையை அடைப்பதுதான் அப்லேஷன். உங்களைப் போல வந்து வந்து போகிறவர்களுக்கு நல்ல பலன் தருகிறது, சிலருக்கு இரண்டாம் தடவையும் செய்ய வேண்டியிருக்கும். ஆனால் செய்துகொண்டபின் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று எண்ணிப் போகாதீர்கள். அதை முடிவு செய்வது அந்த மதிப்பெண் கணக்குதான்.

பேத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மகனிடம் எல்லாவற்றையும் சொல்லி, பக்கத்து வீட்டு அக்காவின் நம்பரைப் போனில் முதலில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள் (மருந்து சொல்வதைத் தவிர மற்றதற்கெல்லாம் அவர் உதவுவார்). தேவனாம்பட்டினத்துக்கு நாளையே போகலாம். முதல் வாரம் பத்து நிமிடம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. நடந்துகொண்டே பேச முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். ஒரு மாதம் இப்படி நடந்தபின், டாக்டர் சரியென்றால் திருவந்திபுரத்துக்குக் கிளம்புங்கள். அந்த ஔஷதகிரி மலைப்படியில் மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் உட்காருங்கள், மேலே ஹயக்ரீவர் காத்திருப்பார். சாயங்கால மாத்திரையை மட்டும் கிளம்பும்போதே பையில் போட்டுக்கொள்ளுங்கள், திரும்பி வர நேரமானாலும் ஆகும்.