இதமான வெயிலுக்குப் பின் திடீர்க் குளிர்: ஆஸ்துமா உள்ள அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 70. பல ஆண்டுகளாக ஆஸ்துமாவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளன. இரண்டுக்கும் பலதுறை மருந்தகத்தில் மருந்து வாங்குகிறார். நவம்பர் முதல் வாரத்தில் அவரை அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் இருக்கும் என் தம்பி வீட்டுக்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன். “இந்த வருஷம் குளிரே இல்லை, பகலில் 22 டிகிரி அடிக்கிறது, கனமான உடுப்பெல்லாம் வேண்டாம்” என்கிறான் தம்பி. வானிலை முன்னறிவிப்போ இந்த வெப்பம் விரைவில் விலகிக் கடுங்குளிர் வரும் என்கிறது. பயணத்தைத் தள்ளிப்போடுவதா, மாத்திரையின் அளவைக் கூட்டுவதா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: தம்பி சொல்லும் 22 டிகிரியையும் நம்புங்கள், முன்னறிவிப்பு சொல்லும் குளிரையும் நம்புங்கள். இலையுதிர்காலத்தின் பிற்பகுதியில் தெற்கிலிருந்து வீசும் காற்று சில நாள்களுக்குப் பருவத்துக்குப் பொருந்தாத வெப்பத்தைக் கொண்டுவருவதும், காற்று வடமேற்குக்குத் திரும்பியவுடன் கனடாவின் குளிர், மறிப்பதற்கு மலைத்தொடர் ஏதுமில்லாத அந்தச் சமவெளியில் ஒரே நாளில் இறங்கிவிடுவதும் அந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1940 நவம்பர் 11 அன்று காலை இதமாக இருந்ததால் மெல்லிய உடையுடன் மிசிசிப்பி ஆற்றுப் பகுதிக்கு வாத்து வேட்டைக்குப் போனவர்கள் பிற்பகலில் பனிப்புயலில் சிக்கிக்கொண்டனர். அந்தப் புயலில் அவ்வட்டாரம் முழுவதும் 140க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இக்காலத்தில் எச்சரிக்கை முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது என்றாலும், காலையில் சன்னலைத் திறந்து பார்த்துவிட்டு உடுத்திக்கொள்ளும் பழக்கம் மட்டும் மனிதர்களிடம் மாறவில்லை.

உடல்நிலையைப் பொறுத்தவரை, நான் அஞ்சுவது குளிரின் அளவைவிட அதன் வேகத்தைத்தான். ஆண்டு முழுவதும் 24 முதல் 33 டிகிரிக்குள் வாழ்ந்து பழகிய உடல் குளிரை எதிர்கொள்ளும்போது தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்த அழுத்தம் உயர்ந்து, இதயத்தின் வேலைச்சுமை கூடுகிறது. முதியவர்களுக்கு நடுங்கி உடலைச் சூடாக்கிக்கொள்ளும் திறனும் குளிரை உணரும் திறனும் குறைந்துவிடுவதால், “எனக்குக் குளிரவில்லை” என்று அம்மா சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்; கையைத் தொட்டுப் பாருங்கள். காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெப்பநிலை 0 டிகிரியாக இருந்தாலும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் உடலுக்கு அது ஏறக்குறைய –6 டிகிரியாகத் தோன்றும்.

மாத்திரையின் அளவை நீங்களாக மாற்றாதீர்கள். இரத்த அழுத்தக் கருவியைக் கூடவே எடுத்துச் சென்று, காலையில் வெளியே கிளம்புவதற்கு முன், ஐந்து நிமிடம் அமர்ந்த பிறகு அளந்து குறித்து வாருங்கள். இங்கே இருந்ததைவிடச் சில புள்ளிகள் கூடினால் கலங்க வேண்டியதில்லை. மேல் எண் தொடர்ந்து 160ஐத் தாண்டி நின்றால் மருத்துவரைக் கலந்தாலோசியுங்கள். 180/120க்கு மேல் சென்று, அத்துடன் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குழறலோ இருந்தால் தாமதிக்காமல் 911ஐ அழையுங்கள்.

ஆஸ்துமாவுக்குத்தான் கூடுதல் முன்னேற்பாடு தேவை. குளிர்ந்த காற்றில் ஈரம் மிகக் குறைவு. அது மூச்சுக்குழாயின் உட்பரப்பை உலர்த்துவதால் குழாய்கள் இறுகுகின்றன. சூடேற்றப்பட்ட வீட்டிலிருந்து வாசலைத் தாண்டும் அந்தச் சில நிமிடங்களிலேயே இருமல் தொடங்கிவிடலாம் என்பதால், கதவைத் திறப்பதற்கு முன்பே மூக்கையும் வாயையும் கம்பளித் துண்டால் மூடிக்கொண்டு மூக்கால் மூச்சுவிடப் பழக்குங்கள். மூச்சு எளிதாக இருக்கும் நாள்களில் தடுப்பு இன்ஹேலரை நிறுத்திவிடுவது நம் தாய்மார்கள் பலரிடம் உள்ள வழக்கம். அதன் முழுப் பயன் கிடைக்கச் சில வாரங்கள் ஆகும் என்பதால் இன்றிலிருந்தே ஒருவேளையும் தவறாமல் எடுக்கச் சொல்லுங்கள். உடனடி நிவாரணம் தரும் நீல இன்ஹேலர் மிகவும் குளிர்ந்துவிட்டால் மருந்து சரியாக வெளிவராது. ஆகவே அதைக் கைப்பையில் போடாமல் மேலங்கியின் உட்பையில், உடற்சூட்டில் வைத்திருக்க வேண்டும். கோடாலித் தைலத்தை நெஞ்சில் தேய்த்தால் இதமாக இருக்கும், ஆனால் அது மூச்சுக்குழாயை விரிக்காது. சிலருக்கு அந்த நெடியே இருமலைக் கிளப்பிவிடும்.

அம்மா சேலைதான் உடுத்துவார் என்றால் அதற்காக வாக்குவாதம் வேண்டாம். உள்ளே உடலோடு ஒட்டிய வெப்ப உள்ளாடையும் கால்சட்டையும் அணிந்து, சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டினால் போதும். பனியில் நனைந்த சேலைக்கரை காலைச் சில்லிட வைப்பதோடு வழுக்கி விழவும் காரணமாகும். செருப்பு மட்டும் கூடவே கூடாது.

சளிக்காய்ச்சல் தடுப்பூசி பாதுகாப்பளிக்க ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். எனவே இந்த வாரமே போட்டுவிடுங்கள், நிமோனியாவைத் தடுக்க உதவும் நியூமோகோக்கல் தடுப்பூசியைப் பற்றியும் அப்போதே கேளுங்கள். அங்கே மூக்கடைப்பு வந்தால் கடையில் கிடைக்கும் சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரைகளை வாங்கிக் கொடுக்காதீர்கள். அவை இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும்.

பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்ல, உங்கள் கடிதத்தில் உள்ளவை மட்டும் காரணமாகா. ஆனால் கடந்த நான்கு வாரங்களில் அம்மா வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் நீல இன்ஹேலரைப் பயன்படுத்தியிருந்தாலோ, இரவில் மூச்சுத்திணறி விழித்திருந்தாலோ, ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள். அப்படியானால் முதலில் பலதுறை மருந்தகத்துக்குச் சென்று அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். பயணத் தேதியை அதன் பிறகு முடிவு செய்யலாம்.